பவுண்டு, ஷில்லிங், சட்டம்: விக்டோரிய நாவலைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் ஒரு காட்சி. ஸ்டீஃபன் பிளாக்பூல் என்ற நெசவாலைத் தொழிலாளி மதிய இடைவேளையில் முதலாளி பவுண்டர்பியின் வீட்டுக்குப் போகிறான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. மனைவி குடிக்கு அடிமை, வீட்டுச் சாமான்களை விற்றுக் குடித்தவள். போவாள், திரும்பி வருவாள். இவளிடமிருந்து விடுபட நாட்டில் ஒரு சட்டமும் இல்லையா என்று கேட்கிறான். முதலாளி இறைச்சித் துண்டைக் கடித்துக்கொண்டே பதில் சொல்கிறார்: சட்டம் உண்டு, ஆனால் அது உனக்கானது இல்லை, அதற்குப் பணம் வேண்டும். தேவாலய வழக்குமன்றம், பொதுச் சட்ட நீதிமன்றம், பிரபுக்கள் சபை என்று படியேறி, கடைசியில் உன் பெயருக்கென்றே பார்லிமென்டில் ஒரு தனிச் சட்டம் வாங்க வேண்டும். செலவு 1,000 முதல் 1,500 பவுண்டு. அதைப்போல் இரண்டு பங்கும் ஆகலாம்.

விக்டோரிய இலக்கியத்தைப் பற்றிப் பேசும்போது பாடப்புத்தகங்கள் 'சமூகப் பிரச்சினைகள்' என்று ஒரு தலைப்புப் போட்டு, வறுமை, குழந்தைத் தொழில், பெண்ணடிமை, நகரமயம் என்று வரிசையாக அடுக்கும். பட்டியலை மனப்பாடம் செய்யலாம், ஆனால் அது நாவலுக்குள் நுழைய வழி காட்டாது. மேலே உள்ள காட்சியோ தானாகவே கதவைத் திறந்துவிடுகிறது. அதில் ஒரு தொகை இருக்கிறது, அந்தத் தொகைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவன் இருக்கிறான். இனி எந்த விக்டோரிய நாவலை எடுத்தாலும் தொகை என்ன, அப்போது நடப்பில் இருந்த சட்டம் என்ன என்று பாருங்கள். பிறகு, கதை அந்தச் சிக்கலை எப்படி முடித்து வைக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் தெருவில் தொடங்கிய சிக்கல் வீட்டுக்குள்ளே, கல்யாணத்திலோ சொத்திலோ சாவிலோ போய் முடியும். அந்தத் தாவல் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் படிப்பின் முக்கால் பங்கு.

ஸ்டீஃபனின் காட்சி வெளிவந்தது 1854-ல். மூன்றே ஆண்டுகளில், 1857-ல், பார்லிமென்டுக்குப் போகாமல் நீதிமன்றத்திலேயே விவாகரத்து பெற வழிசெய்யும் சட்டம் வந்தது. உடனே 'டிக்கன்ஸ் எழுதினார், சட்டம் மாறியது' என்று எழுதிவிடக் கூடாது. அந்தச் சட்டம் பற்றிய விவாதம் நாவலுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: புதிய சட்டப்படி கணவன் விவாகரத்து கேட்க மனைவியின் கள்ள உறவை நிரூபிக்க வேண்டும், குடிப்பழக்கம் காரணமாகாது. வழக்குமன்றம் இருந்தது லண்டனில். மனைவி கேட்பதானால் கணவனின் கள்ள உறவு மட்டும் போதாது, அதோடு கொடுமை, கைவிட்டுப் போனது போன்ற இன்னொரு குற்றமும் சேர வேண்டும். ஆக, 1857-க்குப் பிறகும் ஸ்டீஃபனுக்கு எளிதில் விடிவு கிடைத்திருக்காது.

காலம்

விக்டோரியா அரசியானது 1837 ஜூன் 20-ல், இறந்தது 1901 ஜனவரி 22-ல். இந்த 63 ஆண்டுகளில் வெளிவந்தவையே விக்டோரிய இலக்கியம் என்பது ஒரு வசதிக்கான கணக்கு. டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' தொடராகத் தொடங்கியது 1837 பிப்ரவரியில், அப்போது விக்டோரியா இன்னும் பட்டத்துக்கு வரவில்லை. ஜேன் ஆஸ்டின் 1817-லேயே இறந்துவிட்டார். அவரை விக்டோரிய எழுத்தாளர் என்று எழுதுவது விடைத்தாள்களில் வற்றாமல் வரும் பிழை.

தேதிகளில் இன்னொரு பொறியும் உண்டு. கதை நடக்கும் காலமும் நூல் வெளிவந்த காலமும் பெரும்பாலும் ஒன்றல்ல. ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' 1871-72-ல் வெளிவந்தது, கதை நடப்பதோ 1829 முதல் 1832 வரை, முதல் வாக்குரிமைச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிய நாட்களில். 1867-ல் இரண்டாவது சீர்திருத்தம் வந்து நகர்ப்புறத் தொழிலாளர் பலருக்கும் ஓட்டுக் கிடைத்த பிறகு, நாற்பது ஆண்டு முன்னாலான நம்பிக்கைகளை எலியட் திரும்பிப் பார்க்கிறார். அந்த இடைவெளியை விட்டுவிட்டால் நாவலின் நிதானமும் மென்மையான கிண்டலும் பிடிபடாது. எமிலி பிரான்டேயின் 'வதரிங் ஹைட்ஸ்' 1847-ல் வந்தது, கதை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடக்கிறது. அதில் ரயிலைத் தேடினால் கிடைக்காது.

இடையில் நாடே வேறாகிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 1801-ல் சுமார் 90 லட்சம் பேர், 1851-ல் சுமார் 1 கோடியே 80 லட்சம். அந்த 1851 கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக நகரத்தில் வாழ்வோர் கிராமத்தில் வாழ்வோரைவிட அதிகமானார்கள். சாக்கடை, குடிநீர், காலரா, பள்ளி, ஓட்டு என்று நாவல்களில் வருகிற எல்லாமே இந்த நெரிசலிலிருந்து பிறந்தவை.

தொடராக வந்தது, தொடராகவே இருந்தது

வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. டிக்கன்ஸின் பெரிய நாவல்கள் பல மாதத்துக்கு ஒரு பகுதியாக, 32 பக்கம், இரண்டு படம், விலை 1 ஷில்லிங் என்று பச்சை அட்டையில் வந்தன. மொத்தம் 20 பகுதி, கடைசி இரண்டும் சேர்ந்து வருவதால் 19 மாதம். 'ஹார்ட் டைம்ஸ்' அப்படி வரவில்லை. டிக்கன்ஸே நடத்திய 2 பென்ஸ் வார இதழான 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்'-ல் 1854 ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 12 வரை, 20 வாரம், படமில்லாமல் வந்தது. வாரத்துக்குச் சில பக்கமே இடம் என்பதால் அதன் நடையே இறுகிப்போயிருக்கிறது. டிக்கன்ஸின் வழக்கமான கூட்டமான பாத்திரங்களும் ஊர்சுற்றலும் இதில் குறைவு.

வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியதால்தான் டிக்கன்ஸ் நீட்டி எழுதினார் என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய். அவருக்குப் பணம் வந்தது பகுதிக்கு இவ்வளவு என்ற கணக்கில்.

தொடராக வராத நாவல்கள் பெரும்பாலும் மூன்று தொகுதிகளாக வந்தன. மூன்றும் சேர்ந்து விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். இந்த எண்ணை உணர நாணயக் கணக்குத் தெரிய வேண்டும்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. நூற்றாண்டின் நடுவில் பண்ணைக் கூலி ஒருவரின் வார வருமானம் சுமார் 10 ஷில்லிங். அதாவது ஒரு நாவல், மூன்று வாரக் கூலி. வசதியுள்ளவர்களும் வாங்கவில்லை, வாடகை நூலகத்தில் எடுத்தார்கள். சார்ல்ஸ் எட்வர்ட் மூடி 1842-ல் தொடங்கிய நூலகத்தில் வருடத்துக்கு ஒரு கினி கட்டினால் ஒரு நேரத்தில் ஒரு தொகுதி எடுத்துப்போகலாம். மூடி மொத்தமாக வாங்கினால்தான் பதிப்பாளருக்குப் பிழைப்பு. குடும்பத்தில் பெண்பிள்ளைகள் படிக்கத் தகாதது என்று மூடி ஒதுக்கிவிட்டால் நூல் படுத்துவிடும்.

விக்டோரிய நாவல் பாலியல் விஷயங்களில் பூசி மெழுகுவதற்கு எழுத்தாளரின் கூச்சம் மட்டும் காரணமல்ல என்பது இங்கே தெரியும். தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' 1891-ல் 'கிராஃபிக்' இதழில் தொடராக வந்தபோது, வெள்ளம் நின்ற பாதையில் ஏஞ்சல் கிளேர் பால்காரப் பெண்களைக் கையில் தூக்கிக் கடத்துகிற காட்சிகூடத் தப்பவில்லை. தள்ளுவண்டியில் வைத்துக் கடத்துவதாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. புத்தகமாக வந்தபோது ஹார்டி பழையபடி தூக்க வைத்தார். எந்தப் பதிப்பைப் படிக்கிறோம் என்று கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

கஞ்சிக் கணக்கு

1834-ல் ஏழை உதவிச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் மையக் கருத்து ஒன்றுதான்: உதவி பெறுபவரின் நிலை, வெளியே உழைத்துப் பிழைக்கும் மிக ஏழைக் கூலியின் நிலையைவிட ஒருபடி கீழேதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் உதவிக்கு வந்துவிடுவார்களாம். உடல் வலுவுள்ளவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்துவந்த உதவியை நிறுத்தி, 'வொர்க்ஹவுஸ்' என்ற விடுதிக்குள் வரச்சொல்வதே நோக்கம். உள்ளே போனால் கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், குழந்தைகள் ஒருபுறம். சீருடை, பழைய கயிற்றைப் பிரித்து நார் எடுக்கும் வேலை, எலும்பு உடைக்கும் வேலை. ஆண்டோவர் என்ற ஊரின் விடுதியில், உரத்துக்காக உடைக்கக் கொடுத்த எலும்புகளில் ஒட்டியிருந்ததைப் பசி தாங்காமல் தின்றார்கள் என்பது 1845-ல் வெளிவந்து நாட்டையே உலுக்கியது.

'ஆலிவர் ட்விஸ்ட்' விடுதியின் சாப்பாடு: நாளைக்கு மூன்று வேளை நீர்த்த கஞ்சி, வாரத்துக்கு இரண்டு முறை ஒரு வெங்காயம், ஞாயிற்றுக்கிழமை அரை ரொட்டி. இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழைச் சட்ட ஆணையர்கள் அனுப்பிய உணவுப் பட்டியல்களில் ரொட்டி, பாலாடைக்கட்டி, சில நாள் இறைச்சி, சூப் எல்லாம் இருந்தன. டிக்கன்ஸ் மிகைப்படுத்தினார், வேண்டுமென்றே. சட்டத்தின் தர்க்கத்தை அதன் கடைசி எல்லைவரை இழுத்துக்காட்டும் உத்தி அது. அவர் மிகைப்படுத்தினார் என்று நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான் முடிந்தது. எதை மிகைப்படுத்தினார், எதை அப்படியே விட்டார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குடும்பத்தைப் பிரிப்பதை அவர் மிகைப்படுத்தத் தேவையே இருக்கவில்லை.

அதே அத்தியாயத்தில் விடுதி நிர்வாகக் குழுவை ஆழ்ந்த ஞானம் கொண்ட தத்துவவாதிகள் என்று கதைசொல்லி புகழ்கிறார். ஏழைகளுக்கு இந்த விடுதி ஒரு கேளிக்கைக் கூடமாகிவிட்டதை அவர்கள் கண்டுபிடித்தார்களாம். அதனால் உள்ளே வந்து மெல்லச் சாவதா, வெளியே இருந்து சீக்கிரம் சாவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை ஏழைகளுக்கு வழங்கினார்களாம். இதைப் படித்துவிட்டு 'டிக்கன்ஸ் குழுவினரைப் பாராட்டுகிறார்' என்று எழுதிய விடைகள் உண்டு. விக்டோரியக் கதைசொல்லி யாரையாவது அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே இதழில் இரண்டு ஆலைகள்

தொடங்குகிறவர்களுக்கு மிகவும் உதவும் சோடி 'ஹார்ட் டைம்ஸ்', எலிசபெத் காஸ்கெலின் 'நார்த் அண்ட் சவுத்' இரண்டும்தான். முதலாவது ஆகஸ்டில் முடிந்தது, இரண்டாவது அதே 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்'-ல் 1854 செப்டம்பர் 2-ல் தொடங்கி 1855 ஜனவரி 27-ல் முடிந்தது. ஒரே இதழ், ஒரே இதழாசிரியர், ஒரே பருத்தி ஆலைப் பிரச்சினை, ஆனால் கண் வேறு. டிக்கன்ஸ் லண்டன்காரர், ஆலை நகரத்துக்கு விருந்தாளி. காஸ்கெல் மான்செஸ்டரில் வாழ்ந்தவர், பாதிரியாரின் மனைவி, தொழிலாளர் வீடுகளுக்குள் போய்வந்தவர்.

'ஹார்ட் டைம்ஸ்' பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. சர்க்கஸ் குதிரைகளோடு வளர்ந்த சிஸ்ஸி என்ற சிறுமியைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் 'இருபதாம் எண் பெண்' என்று எழுப்பி, குதிரைக்கு இலக்கணம் சொல்லச் சொல்கிறார்கள். அவளால் முடியவில்லை. பிட்ஸர் என்ற பையன் எழுந்து ஒப்பிக்கிறான்: நாலு கால் பிராணி, புல் தின்னும், பல் நாற்பது, அதில் கடைவாய்ப் பல் 24, கோரைப் பல் 4, முன்பல் 12. இப்போது உனக்குக் குதிரை என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது என்று சிஸ்ஸியிடம் சொல்கிறார்கள். நம் ஊர் நோட்ஸ் படிப்பை நினைத்துச் சிரிக்கலாம். சிரித்த பிறகு ஆசிரியரைக் கவனியுங்கள். அவர் ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட சுமார் 140 ஆசிரியர்களில் ஒருவர் என்று கதைசொல்லி சொல்கிறார். அது வெறும் உவமை அல்ல. 1846-ல் அரசு தொடங்கிய திட்டப்படி, 13 வயதில் சேர்ந்து ஐந்து வருடம் பயிற்சி மாணவராக இருந்து, பிறகு கல்லூரிக்குப் போன முதல் வரிசை ஆசிரியர்கள் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். படிப்பையும் ஆலை உற்பத்தியாக்கிவிட்டார்கள் என்பதே குற்றச்சாட்டு.

தொழிலாளிகளை முதலாளிகள் 'ஹேண்ட்ஸ்', அதாவது 'கைகள்' என்றே அழைத்தார்கள். கடவுள் இவர்களைக் கையும் வயிறுமாக மட்டும் படைத்திருந்தால் சிலருக்கு இன்னும் பிடித்திருக்கும் என்று டிக்கன்ஸ் குத்துகிறார். நாவல் முழுக்க இந்தச் சொல்லைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். தலைப்புக்கு ஏற்ற ஒரு கட்டுரையே கிடைத்துவிடும்.

ஆனால் தொழிற்சங்கம் என்று வந்ததும் டிக்கன்ஸ் தடுமாறுகிறார். 1853-54-ல் பிரெஸ்டன் நகரில் 10 சதவீதக் கூலி உயர்வு கேட்டு நீண்ட போராட்டம் நடந்தது, முதலாளிகள் ஆலைகளைப் பூட்டினார்கள். டிக்கன்ஸ் 1854 ஜனவரி கடைசியில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய கட்டுரையில் தொழிலாளர்கள் அமைதியாகவும் ஒழுங்காகவும் இருந்ததைப் பதிவு செய்தார். நாவலிலோ சங்கத் தலைவன் ஸ்லாக்பிரிட்ஜ் வெறும் வாய்ச்சவடால் ஆசாமி. நேரில் பார்த்ததைக் கதையில் ஏன் மாற்றினார்? நல்ல கட்டுரை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும்.

காஸ்கெலிடம் வந்தால் விவரம் வேறு வகை. பெஸ்ஸி ஹிக்கின்ஸ் என்ற இளம்பெண் பஞ்சு சிக்கெடுக்கும் பிரிவில் வேலை செய்தவள், பஞ்சுத் துகள் நுரையீரலில் சேர்ந்து செத்துக்கொண்டிருக்கிறாள். துகளை வெளியேற்ற அறையின் ஒரு கோடியில் பெரிய விசிறிச் சக்கரம் வைக்கலாம், ஆனால் அதற்கு 500, 600 பவுண்டு ஆகும், லாபம் எதுவும் வராது என்பதால் சில முதலாளிகளே வைத்தார்கள் என்று அவள் சொல்கிறாள். அதோடு இன்னொன்றும் சொல்கிறாள்: சக்கரம் உள்ள இடத்தில் வேலை செய்யத் தொழிலாளிகள் சிலருக்கே விருப்பமில்லை. துகளை விழுங்கி விழுங்கிப் பழகியவர்களுக்கு அது இல்லாமல் பசி எடுத்ததாம், பசித்தால் கூலி பற்றாதே. இந்த வாக்கியத்தைக் கற்பனையிலிருந்து எடுத்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது. பசியை அடைக்கப் பஞ்சு.

இனி முடிவைப் பாருங்கள். ஆலை முதலாளி தார்ன்டன் நொடித்துப்போகிறார். தெற்கிலிருந்து வந்த மார்கரெட்டுக்குச் சொத்து வந்து சேர்கிறது. அவள் அவருக்குக் கடன் கொடுக்க முன்வருகிறாள்: வங்கியில் சும்மா கிடக்கும் 18,057 பவுண்டு, அதற்கு அவளுக்கு வரும் வட்டி வெறும் இரண்டரை சதவீதம், அவர் அதைவிட நல்ல வட்டி கொடுக்கலாம். நாவலின் காதல் காட்சி இதுதான். பெஸ்ஸிக்கு 600 பவுண்டுச் சக்கரம் வரவில்லை, ஆலைக்கு 18,057 பவுண்டு வந்துவிட்டது. வேலைநிறுத்தத்தில் தொடங்கிய கேள்வி கல்யாணத்தில் முடிகிறது. காஸ்கெலைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. முதலாளியும் தொழிலாளியும் ஒரே கூடத்தில் சாப்பிட்டால் பாதிப் பகை தீரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கை எதுவரை தாங்கும் என்று அந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்து யோசியுங்கள்.

ஆசிரியையின் சம்பளம்

சார்லட் பிரான்டேயின் 'ஜேன் அயர்' 1847 அக்டோபரில் கரர் பெல் என்ற புனைபெயரில் வந்தது. லோவுட் பள்ளியில் ஜேனின் சம்பளம் வருடத்துக்கு 15 பவுண்டு. தார்ன்ஃபீல்டு மாளிகையில் வீட்டு ஆசிரியையாகச் சேர்ந்ததும் 30. வேலைக்காரர்களோடு உட்கார முடியாத அளவு படித்தவள், எஜமானர்களோடு உட்கார முடியாத அளவு ஏழை. பிறகு சித்தப்பாவிடமிருந்து 20,000 பவுண்டு வருகிறது, அதை நான்கு பங்காக்கி உறவினர் மூவருக்கும் கொடுத்துத் தனக்கு 5,000 வைத்துக்கொள்கிறாள். அந்தக் கால அரசுக் கடன் பத்திரம் 3 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 150 பவுண்டு, அதாவது ஐந்து வருட ஆசிரியைச் சம்பளம், உட்கார்ந்த இடத்தில். தான் காதலிக்கும் தார்ன்ஃபீல்டு எஜமானர் ராச்செஸ்டரிடம் அவள் தன் சொந்தக் காலில் நிற்பவளாகத் திரும்பி வருவது இந்தப் பணத்தின் பலத்தில்தான்.

சட்டம் இங்கேயும் குறுக்கே நிற்கிறது. கல்யாணமானதும் பெண்ணின் ரொக்கமும் நகையும் கணவனுடையதாகிவிடும், தனியே அறக்கட்டளையாக எழுதி வைத்திருந்தால் மட்டுமே தப்பும். மனைவி தன் சம்பாத்தியத்தை வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது 1870-ல், எல்லாச் சொத்தையும் வைத்துக்கொள்ள 1882-ல். ஆகவே ஜேன் கல்யாணம் செய்துகொண்ட மறுநாள் அந்த 5,000 யாருடையது? நாவல் வாய் திறப்பதில்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். சித்தப்பா மடெய்ராத் தீவில் வியாபாரி. ஜமைக்காவில் தோட்டமும் வணிகமும் நடத்திய மேசன் குடும்பத்தின் நிறுவனத்தோடு அவருக்குத் தொடர்பு. அதே மேசன் குடும்பத்துப் பெண்தான் தார்ன்ஃபீல்டு மாடியில் அடைக்கப்பட்ட பெர்த்தா, ராச்செஸ்டரின் முதல் மனைவி, 30,000 பவுண்டோடு வந்தவள். இங்கிலாந்து வீட்டுக்குள் புழங்கும் பணம் கடல் கடந்து, அடிமை உழைப்பு நடந்த தோட்டங்கள் பக்கமிருந்து வருகிறது. வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' 1868-ல் இன்னும் வெளிப்படையாக, 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது நடந்த கொள்ளையோடு கதையைத் தொடங்குகிறது.

சென்னை மாகாணத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு நாளைக்கு ஒரு பவுண்டு எடை தானியம், அதாவது சுமார் 450 கிராம் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். அதே பஞ்சத்தின் நடுவில், 1877 ஜனவரி 1-ல், டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். உதவியைக் கசப்பாக்கினால்தான் கூட்டம் குறையும் என்ற 1834-இன் வாடை இந்த 450 கிராமிலும் அடிக்கிறது. ஆலிவரின் கஞ்சியைப் படிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கடவுளும் பாறையும் பற்றி ஒரு பத்தி போதும். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வந்தது 1859 நவம்பரில். டென்னிசனின் 'இன் மெமோரியம்' என்ற நெடுங்கவிதை 1850-லேயே வந்துவிட்டது. அதில் வரும் இரக்கமற்ற இயற்கைக்கு டார்வின் காரணம் என்று எழுதுவது தேதிப்படியே தப்பு. பூமியின் வயதைப் பைபிள் கணக்குக்கு அப்பால் நீட்டிய சார்ல்ஸ் லயலின் நிலவியல் நூல் 1830-33-ல் வந்தது, நம்பிக்கையின் அடித்தளத்தை முதலில் அசைத்தவற்றில் அதுவும் ஒன்று.

உட்கார்ந்து படிக்கும் முறை

முதல் நூலாக 'ஹார்ட் டைம்ஸ்' எடுங்கள். 37 அத்தியாயம், டிக்கன்ஸின் நாவல்களில் மிகச் சிறியது. 'ப்ளீக் ஹவுஸ்' எவ்வளவு பெரிய சாதனையானாலும் முதல் நூல் அல்ல. அதன் மூடுபனித் தொடக்கத்திலேயே பலர் காணாமல் போய்விடுகிறார்கள். மூலம் இணையத்தில் குட்டன்பர்க் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதில் குறிப்புகள் இருக்காது. நார்டன், ஆக்ஸ்ஃபோர்டு, பெங்குவின் ஆகியவற்றின் குறிப்புரைப் பதிப்புகளில் ஒன்றை நூலகத்திலாவது பிடியுங்கள். வாரத் தொடர் எங்கே எங்கே வெட்டப்பட்டது என்று அதில் பார்த்து, நாளைக்கு ஒரு வாரத் தொடர் என்று இருபது நாளில் முடியுங்கள். வெட்டு விழுந்த இடத்தில் நிறுத்தினால்தான் 1854 வாசகரின் தவிப்பு உங்களுக்கும் வரும்.

நோட்டின் இடப்பக்கத்தில் நாவலில் வரும் தொகை, சட்டம், நிறுவனம், தொழில் சொல் எதுவானாலும் அத்தியாய எண்ணோடு எழுதுங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விட்டு, நாவல் முடிந்த பிறகு நிரப்புங்கள். உதாரணத்துக்கு இடப்பக்கம்: முதல் புத்தகம், 11-ஆம் அத்தியாயம், விவாகரத்து, 1,000-1,500 பவுண்டு. வலப்பக்கம்: தனிச் சட்ட முறை, 1857-ல் மாற்றம், குடி காரணமாகாது, நீதிமன்றம் லண்டனில். படிக்கும்போதே வலப்பக்கத்தை நிரப்பப் போனால் நாவல் நின்றுவிடும், இணையம்தான் ஓடும். கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தச் சிக்கலை யார் தீர்த்தார்கள் என்று எழுதுங்கள்: சட்டமா, சங்கமா, நல்ல மனசுக்காரரா, சாவா. ஸ்டீஃபனுக்குக் கிடைத்தது கைவிடப்பட்ட ஒரு சுரங்கக் குழி.

கடைசியாக ஒரு புதிர். சங்கத்தில் சேர மறுக்கிற ஸ்டீஃபன், தான் காதலிக்கும் ரேச்சலுக்குக் கொடுத்த வாக்கைக் காரணமாக வைத்திருக்கிறான். அது என்ன வாக்கு, ஏன் கொடுத்தான் என்று அச்சிட்ட நாவலில் எங்கு தேடினாலும் தெளிவாக இருக்காது. தாம் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று மாணவர்கள் திரும்பத் திரும்பப் புரட்டுவார்கள். அவர்கள் விடவில்லை, டிக்கன்ஸ்தான் அச்சுப்பிழை திருத்தும் கட்டத்தில் வெட்டிவிட்டார். கையெழுத்துப் பிரதியில் ரேச்சலின் தங்கை ஆலை இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்த செய்தி வருகிறது. ஸ்டீஃபன் முதலாளிகள்மீது ஆத்திரத்தில் பேச, இப்படிப்பட்ட விஷயங்களை விட்டுவிடும்படி ரேச்சல் கேட்க, அவன் வாக்குக் கொடுக்கிறான். இயந்திரங்களுக்குத் தடுப்பு வேலி போட வேண்டும் என்ற சட்டம் 1844 முதல் இருந்தும் பலர் போடவில்லை. அதைப் பற்றி ஹென்றி மார்லியின் கட்டுரை ஒன்று 1854 ஏப்ரலில், நாவல் வந்துகொண்டிருந்த அதே இதழிலேயே வெளிவந்தது. நாவலில் மிஞ்சியிருப்பது, இயந்திரத்தால் ஆட்களை நறுக்குவது அவ்வளவு நியாயமா என்று ஆய்வாளர்கள் ஐயப்பட்டதால் ஆலை முதலாளிகள் 'நாசமாகிப்போனார்கள்' என்ற ஒரு கிண்டல் வரி மட்டும். அது இரண்டாம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. குறிப்புரைப் பதிப்பில் வெட்டப்பட்ட பகுதியையும் தேடி எடுத்து, முதல் புத்தகத்தின் 13-ஆம் அத்தியாயத்தோடு சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.